ஒன்பதாம் நரி

என் உயிர் மாப்ள இசக்கிமுத்துவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. மாட்டுங்காவில் நம் ஊர்க்காரர்கள் நடத்தும் மாத இதழில் உனக்கு நினைவஞ்சலி எழுதித் தரச் சொன்னார்கள். "ஒங்க அத்த மகன், தங்கச்சி மாப்பிள்ள வேற. ஒங்களவிட அவர யாருக்குத் தெரியும்? நல்லதா நாலு வார்த்த எழுதுங்க" என்றார் ஆசிரியர். நல்லதாக எழுத பெல்ட் பட்டறையில் உன் கூட்டாளிகள் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதினால் நீ எழுந்து வந்து அறைய வேண்டியிருக்கும். வா, அறை.

முதலில் செய்தி. நரி பதிமூன்று வந்துவிட்டது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். நரி என்பது நாங்களாக வைத்த பெயர். ஜப்பான்காரர்கள் பல வருடங்களாக ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டுவரும் வீடியோ கேம் வரிசை அது. நரி முகமூடி போட்ட ஒருவன் ஊர் ஊராக நடந்துபோவான், அவ்வளவுதான் கதை. உண்மைப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. தாராவியில் எங்கள் சந்து முழுக்க நரி ஒன்று, நரி ரெண்டு என்றுதான் பேச்சு. இசக்கி இந்த நரிகளைத் தரம் பிரித்து வரிசைப்படுத்துவான். புதிதாக ஒன்று வந்தால் பழைய வரிசையைக் கலைத்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த அட்டையில் மறுபடி எழுதுவான். நானும் அவனும் சண்டை போடுவோம். முப்பத்தெட்டு வயது வரைக்கும் இதைச் செய்தோம் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உன் கடைசி அட்டை இப்போது என் முன்னால் இருக்கிறது மாப்ள. கடைசி இடம் ஐந்தாம் நரிக்கு. அதில் மூன்று மணி நேரம் மீன் பிடிக்க விட்டுவிடுவான். "மீன் புடிக்கணும்னா நான் ஊருலயே இருந்திருப்பேம்லா? இதுக்கா ரயிலேறி வந்தேன்?" என்றாய். அதற்கு மேலே பன்னிரண்டு. அதில் முகமூடியைக் கழற்றி முகத்தைக் காட்டிவிட்டான். "மூஞ்சியப் பாத்தாச்சி. இனும என்னத்துக்கு ஆடணும்?" இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். எட்டில் ஆட்டத்தைவிடப் பேச்சு அதிகம், அதுவும் ஜப்பான் பாஷையில். ஆறும் பத்தும் எனக்குப் பிடிக்கும் என்பதற்காகவே நடுவில் தள்ளியிருக்கிறாய். இரண்டாம் இடம் நாலுக்கு. அதில் குதிரை செத்துப்போகும். நீ பாத்ரூமுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய் அழுதுவிட்டு வருவாய். நான் அதைச் சந்துக்கே சொல்லிவிடுவேன்.

முதலிடம் ஒன்பதுக்கு. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உன் கை தானாக எழும்பும். "எட்டு வரைக்கும் சேத்துச் சேத்து வச்சானுவ மச்சான். ஒம்பதுல எல்லாத்தயும் தூக்கி ஆத்துல போட்டுட்டான் பாத்தியா? வாள் கெடயாது. குதிர கெடயாது. பாட்டு கெடயாது. ரெண்டே ரெண்டு கலரு, ஒரு மனுசன், ஒரு ஆறு, தண்ணிச் சத்தம். எட்டு வாட்டி செஞ்சவனுக்குத்தாம்ல இந்தத் தைரியம் வரும்."

அட்டையின் மூலையில் சின்னதாக இன்னொரு வரி: ஒன்று, கிடைக்கவில்லை.

கிடைக்காமல் என்ன? இருபத்தைந்து வருடமாக உன் கையில்தானே இருந்தது? நீ ஒன்பது என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதுதான் ஒன்று. அவர்கள் ஒன்றையும் தூக்கி ஆற்றில் போடவில்லை. அப்போது அவர்களிடம் தூக்கிப் போட ஒன்றுமே இல்லை.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், கேள். நீ பன்னிரண்டு வயதில் திருநெல்வேலியிலிருந்து எங்கள் ஒற்றை அறைக்கு வந்தாய். வந்த வாரமே உன்னை வீடியோ கேம் பார்லருக்குக் கூட்டிப்போனேன். பார்லர்காரர் மராட்டிக்காரர். அவரை நாங்கள் மராட்டி வழக்கப்படி காக்கா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிட, நீ கூரையை அண்ணாந்து பார்த்தாய். அவரிடம் இருந்த எட்டு நரி சிடிகளில், இரண்டு முதல் எட்டு வரை ஏழுக்கும் அட்டையில் எண் அச்சாகியிருந்தது. மிச்சமிருந்த ஒன்றுக்கு மட்டும் அட்டை தொலைந்துபோய், வெறும் பிளாஸ்டிக் உறையில் மார்க்கரால் மராட்டி எண் எழுதி வைத்திருந்தார். மராட்டியில் ஒன்று என்பது இப்படி இருக்கும்: १. தலையில் சுழி, கீழே வால். ஊரிலிருந்து நேராக வந்தவன் கண்ணுக்கு அது ஒன்பதுதான். "லேய், ஒம்பது இருக்கு! ஒண்ணத்தான் காணும்" என்றாய்.

நான் முனிசிபல் பள்ளியில் தமிழோடு மராட்டியும் படித்தவன். அந்த நிமிடமே எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்ல எவ்வளவு நேரமாகும்?

சொல்லவில்லை. நீ வந்த வாரத்திலேயே அப்பா உன் கையெழுத்தைக் காட்டி என்னைத் திட்டியிருந்தார். அம்மா உனக்குத்தான் முதலில் சோறு போட்டாள். நான் பிறந்து வளர்ந்த சந்தில், நான் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தில், மூன்றே நாளில் என்னைத் தோற்கடித்தாய். எனக்குத் தெரிந்து உனக்குத் தெரியாதது அந்த ஒரு எண்தான். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

ஆறு மாதத்தில் பஸ் முன்பலகையைப் பார்த்து மராட்டி எண் வாசிக்கப் பழகிவிட்டாய். எனக்குப் பயம் வந்தது. அதற்குள் காக்கா கடையை மூடிவிட்டு, கேம் பெட்டியையும் சிடிகளையும் அப்பாவிடம் மலிவாகத் தள்ளிவிட்டிருந்தார். ஒரு மத்தியானம் நீ தண்ணீர் பிடிக்கப் போனபோது அந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். எலி கடித்துவிட்டது என்று சொன்னேன். நீ நம்பினாய். நீ எதைத்தான் நம்பவில்லை?

நிஜமான ஒன்பது வேறொரு கேம் பெட்டிக்கு வந்தபோது, "அது நம்ம ஒம்பதுதாம்ல, புதுச் சட்ட போட்டு விடுதானுவ" என்றேன். அதையும் நம்பினாய். ஒன்றாம் நரி விக்ரோலியில் ஒரு கடையில் இருக்கிறதாம் என்று ஒரு ஞாயிறு சொன்னேன். போனாய். அடுத்து பாண்டுப். மழையில் நனைந்து திரும்பி வந்து, "கடயக் காணும் மச்சான், அந்த எடத்துல மருந்துக்கட இருக்கு" என்றாய். இல்லாத கடைக்கு ஒரு வரலாறே கண்டுபிடித்துக்கொண்டு வந்தாய். கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. சான்பாடாவில் ஒரு தமிழ் வீட்டில் இருக்கிறது என்று வாயில் வந்த கட்டடத்தைச் சொன்னேன். கதவைத் தட்டியிருக்கிறாய். "நல்ல ஆளுவ மச்சான். சிடி இல்ல. ஆனா காப்பி குடுத்தாவ." நான் அப்போது குடிமாறியிருந்த செம்பூர் வீட்டுக்குப் போய் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பதிமூன்று வரப்போவதை ஒட்டி செம்பூரில் ஒரு கடைக்காரன் போட்டி வைத்தான். பன்னிரண்டு நரிகளையும் வரிசைப்படுத்தி, மேடையேறி, இரண்டு நிமிடம் வாதாட வேண்டும். உன் பெயரைக் கொடுத்தவன் நான். "ஒன்ன அடிக்க ஆளு கெடயாது மாப்ள" என்றேன். நீ கல்யாணச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தாய். ரித்திகாவையும் கூட்டிவந்தாய். அப்பா மேடை ஏறுவதை மகள் பார்க்க வேண்டும் என்று உனக்கு ஆசை.

"மேரா ஏக் நம்பர், நௌ நம்பர்!" என்று ஆரம்பித்தாய். என் முதலிடம் ஒன்பதுக்கு என்று. பிறகு ஆறு, தண்ணீர்ச் சத்தம், எட்டு முறை செய்தவனின் தைரியம். நம் ஊர் இழுப்போடு இந்தியில் நீ பேசியபோது கொஞ்ச நேரம் கூட்டம் நிஜமாகவே கேட்டது. அதை நான் மறைக்கக் கூடாது. பின்னால் திரையில் அந்த ஆற்றுப் படத்தைப் போட்டார்கள். கடைப் பையன் மைக்கில், "அங்கிள், ஏ தோ ஏக் நம்பர் ஹை! பெஹலா வாலா!" என்றான். அங்கிள், இது ஒன்று, முதலாவது.

நீ அவனைத் திருத்தினாய். "நஹி நஹி, ஏக் நம்பர் கஹீன் நஹி மில்தா." ஒன்று எங்கேயும் கிடைக்காது என்று சொல்லி, தேடிப்போன இடங்களை விரல் மடக்கி எண்ணினாய். விக்ரோலி, பாண்டுப், சான்பாடா. ஒவ்வொரு பெயருக்கும் சிரிப்பு ஏறியது. கூட்டத்தில் நீ என் முகத்தைத் தேடினாய். நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வீடியோவில் எல்லார் சிரிப்பையும்விட என் சிரிப்புதான் பக்கத்தில் கேட்கிறது. ரித்திகா உன்னைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். நீ அதைப் பார்த்துவிட்டாய்.

திரும்பி வரும்போது ஸ்டேஷன் படியில் என் தோளைத் தொட்டு, "ஒனக்குத் தெரியுமா மச்சான்?" என்று கேட்டாய். ஒரே ஒரு கேள்வி.

"சத்தியமாத் தெரியாது மாப்ள. நானும் இன்னைக்கித்தான் பாக்கேன்" என்றேன்.

நீ என் தோளை ஒரு தட்டு தட்டினாய். பிறகு, "சரி, விடு. நாம ரெண்டு பேரும் முட்டாப்பயலுவ" என்று சிரித்தாய். என்னைத் தேற்றினாய். உன் அவமானத்தில் பாதியை எனக்கும் கொடுத்தாய், நானும் கூசாமல் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு நீ நரியைத் தொடவில்லை. மூன்று மாதத்தில் ஒரு காலையில் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. கடைசி வரைக்கும் என்னையும் உன்னைப் போல ஏமாந்தவன் என்றே நினைத்துக்கொண்டு போனாய்.

பதிமூன்றைப் போன வாரம் ஆடினேன். வாள் இல்லை. குதிரை இல்லை. இரண்டு நிறம், ஒரு ஆறு. பன்னிரண்டு முறை செய்துவிட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தைரியம் எப்போது வரும் என்று நீ சொன்னாயோ, அப்போதுதான் வந்திருக்கிறது. யாரிடம் சொல்ல? பாதியில் அணைத்துவிட்டேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. போட்டி முடிந்த அன்றே அந்த வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டவன் நான். உன் குரல் இருக்கிற வீடியோ அது ஒன்றுதான் மாப்ள. ரித்திகா அதைத் தன் போனில் வைத்திருக்கிறாள். போன மாதம் உன் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சத்தம். சிநேகிதிகளுக்கு அதைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கி உன்னைப் போலவே, "மேரா ஏக் நம்பர், நௌ நம்பர்!" என்று நடித்தாள். "பப்பாக்கு ஒண்ணுக்கும் ஒம்பதுக்கும் ஃபரக்கே தெரியாதுடி." என்னைப் பார்த்ததும், "மாமா, யாத் ஹை?" என்றாள், ஞாபகம் இருக்கிறதா என்று.

அப்போதும் நான் சிரித்தேன்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்பாவைப் பற்றி வைத்துக்கொள்ள நான் விட்டுவைத்தது இதுதான். அவள் கெட்டவள் இல்லை. கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டவள். என் தங்கச்சி செல்விக்கும் இன்னும் எதுவும் தெரியாது. இந்த இதழ் வந்ததும் வாசிப்பாள், அண்ணன் என்று பார்க்காமல் என்னை வாசலோடு நிறுத்துவாள். நிறுத்தட்டும்.

ஊரறிய அச்சில் போட்டு எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளப்போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். பாதியில்தான் உறைத்தது. ரித்திகாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. கடைப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவளால் வாசிக்க முடியாத எழுத்தில் உட்கார்ந்து பாவத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் செய்த அதே வேலையை உன் மகளிடமும் செய்யப் பார்த்தேன்.

அதனால் ஒரு வாக்கு கொடுக்கிறேன். இதழ் அச்சுக்குப் போவதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போவேன். ரித்திகாவை எதிரில் உட்காரவைத்து இதை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அவளுக்குப் புரியாத வார்த்தையை இந்தியில் சொல்வேன். உறையைக் கிழித்த இடத்தையும் ஸ்டேஷன் படியில் சொன்ன பொய்யையும் தாண்டிப்போக மாட்டேன். உன் அப்பா முட்டாள் இல்லை, நான்தான் தெரியவிடவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். கேட்டு முடித்த பிறகும் அவள் சிரித்தால், மாப்ள, இந்த முறை நான் சிரிக்க மாட்டேன்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
உனக்கு மச்சானாக இருந்தவன்,
துரைப்பாண்டி