ஏருக்கு முன்னால் படுத்துக்கொண்ட கோனே

ஸாபுகு,
மாம்பழ மழை கழிந்து முதல் பெருமழை விழுந்த வாரம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஞேலேவுக்கு,

வெயிலில் உடம்பு காய்ந்தாலும் வாய் காயாத உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் சுகம், ஆடுகளும் சுகம், கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தாலும் கிடக்கிறது. அங்கே நீயும் யெரூன் மாப்பிள்ளையும் என் பேத்தி ஸாலியும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தொழுகை முடிந்ததும் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன வாரம் நிலம் என்று நான் வாயெடுத்ததுமே ஒரு துண்டு நிலத்துக்காகவா அம்மா இவ்வளவு என்று கேட்டாய், மேலே பேசுவதற்குள் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாய். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம், குறுக்கே பேசவும் முடியாது. பமாகோவிலிருந்து விமானம் ஏறும் உன் சிநேகிதி வாஸாவின் கையில் கொடுத்தனுப்புகிறேன், கடைசி வரி வரைக்கும் படி.

ஜூனில் வருவதாக இருந்தவள் ஜனவரிக்குத் தள்ளிப் போட்டிருக்கிறாய். மாப்பிள்ளை இணையத்தில் படித்தாராம், மழை தொடங்கும் மாதத்தில் நம் நாட்டுப் பக்கம் தலைவைக்கக் கூடாதாம், வெயில் நாற்பதைத் தாண்டுமாம், சாலை சேறாகுமாம், கொசு தூக்கிக்கொண்டு போகுமாம். அதை எழுதின புண்ணியவான் எந்த ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்து எழுதினான் என்று கேட்டுச் சொல். ஜனவரியில் வந்தால் இங்கே என்ன வைத்திருக்கிறது, பாலைவனத் தூசியும் வெடித்த உதடும்தான். இப்போது வந்தால் நடக்கிற இடமெல்லாம் மாம்பழம் காலில் இடறுகிறது, ஷியா மரத்துப் பழம் உதிர ஆரம்பித்திருக்கிறது, பெருமழை விழுந்த அன்று ஈசல் கிளம்பி ஊர்ப் பிள்ளைகள் வாளி வாளியாகப் பிடித்து வறுத்துத் தின்றார்கள், ஸாலி இருந்திருந்தால் அவள்தான் முதல் ஆள். வெயில் சுடத்தான் சுடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. மத்தியானம் மாமரத்தடியில் பாயைப் போட்டால் ஆடு கத்தினாலும் யாரும் எழுந்திருப்பதில்லை. ஆனால் உன்னை நான் பெற்றதும் இதே மே மாதத்தில்தான், தகரக் கூரைக்குக் கீழே, மின்விசிறி என்ற பேர்கூடத் தெரியாமல். நான் செத்தேனா, நீ செத்தாயா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓடைக்கரை நிலத்தை உன் அப்பா தன் கையாலேயே வேர்க்கட்டை பிடுங்கித் திருத்தினார், இது என் ஞேலேவுக்கு என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னார், அது உனக்குத் தெரியும். அவர் போய் ஒரு அறுவடைதான் ஆகியிருக்கிறது, அதற்குள் உன் பெரியப்பா ஸிபிரி, பொட்டப்புள்ள, அதுவும் கடல் தாண்டிப் போனவ, அவளுக்கு எதுக்கு நிலம், தம்பி பொண்டாட்டி ஸிதானுக்கு என் வீட்டுல களி இல்லையா என்று பேச ஆரம்பித்துவிட்டார். அவர் வீட்டுக் களியை அவரே தின்னட்டும். முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். பெருமழை விழுந்த மறுநாள் காலையில் மாட்டையும் ஏரையும் ஓட்டிக்கொண்டு ஓடைக்கரைக்கே வந்துவிட்டார். இந்த வருஷம் அவர் உழுது விதைத்துவிட்டால் நிலம் அவருடையதுதான், அப்புறம் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஏன் என்று கேட்க நாதி இருக்காது. நிலத்து ஓரத்தில் நின்று கத்திப் பார்த்தேன். மனிதர் என் பக்கம் திரும்பவே இல்லை, மாட்டோடு பேசிக்கொண்டு ஏரைப் பூட்டினார். அப்போதுதான் மசூதிக்குப் பக்கத்தில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் தியேகோரோ கோனே நினைவுக்கு வந்தார், செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

கோனே குலத்தாருக்கும் நம் வீட்டுத் தராவோரே குலத்தாருக்கும் முப்பாட்டன் காலத்திலிருந்து கேலி உறவு என்பதை அந்தக் குளிரில் நீ மறந்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். கோனே பயறுதின்னி, அடிமை என்று என்ன சொன்னாலும் தராவோரே கோபப்படக் கூடாது, பட்டால் ஊரே காறித் துப்பும், வாய்விட்டு ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லவும் முடியாது. தியேகோரோ வந்தார், நேரே போய் மாட்டின் மூக்குக்குக் கீழே மல்லாந்து படுத்துத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். அப்புறம் தொப்பிக்குள்ளிருந்து, டேய் பயறுதின்னி, உன் எசமான் தூங்கப் போறேன், மாட்டை மெதுவா மூச்சு விடச் சொல்லு என்றார். வேலை வெட்டியை விட்டுவிட்டு ஊரே கூடிவிட்டது. பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்து, எந்திரிடா கோனே, உன்னை உழுதா முள்ளுதான் முளைக்கும் என்றார். அதற்குத் தியேகோரோ, எங்க வீட்டுப் பயத்தங்காயத் திருடித் தின்ன பரம்பரைதானேடா நீ, இப்ப செத்த தம்பி நிலத்தையும் தின்னப் பாக்குறியா, வயிறு தாங்குமா என்று கேட்டார். இதை வேறு யார் கேட்டிருந்தாலும் அங்கே மண்டை உடைந்திருக்கும். கேட்டது கோனே, அதனால் பெரியப்பா சிரித்தார், வேர்வை தாடியில் சொட்டச் சொட்டச் சிரித்தார். கடைசியில் தியேகோரோ தொப்பியை எடுத்துவிட்டு, நான் கேக்குறேன் ஸிபிரி, இந்த நிலத்தை அந்தப் புள்ளைக்கு விடு என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

பெரியப்பா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். சரிப்பா, இந்த விதைப்புக்கு அவ நேர்ல வந்து தன் கையால விதைச்சா நிலம் அவளோடதுதான், ஷியாப் பழம் உதிர்ந்து தீர்றதுக்குள்ள வரலைன்னா என் ஏர் இறங்கும், அப்ப நீ உங்க தாத்தாவோட வந்து படுத்தாலும் நிக்காது என்றார். அதோடு விட்டாரா, அவளா வருவா, இந்த வெயில்ல விமானத்துக் கதவைத் திறந்ததுமே திரும்பி ஓடிருவா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வருவா என்று அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன், அதற்காக வருத்தப்படவும் மாட்டேன்.

ஒரு துண்டு நிலத்துக்காகவா என்று கேட்டாயே, ஆமாம், அதற்காகத்தான். உன் அப்பாவைப் புதைத்ததைத் தாங்கிக்கொண்டேன், அவர் சொன்ன சொல்லையும் சேர்த்துப் புதைக்க என்னால் முடியாது. பெண்பிள்ளைக்கு நிலமா என்று ஊர் வாய்பிளந்தபோது அவர் தலை நிமிர்ந்து நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அவர் எடுத்துவைத்த சோள விதையைச் சாம்பல் கலந்து சுரைக்குடுக்கையில் வைத்திருக்கிறேன், ஒரு மணிகூடப் பூச்சி அரிக்கவில்லை.

வரும்போது பருத்தித் துணியாக எடுத்து வா, அந்தக் கனத்த பூட்ஸ் எல்லாம் வேண்டாம், சேற்றில் செருப்பே சங்கடம். மாப்பிள்ளைக்கு மலேரியா மாத்திரையும் அகலத் தொப்பியும் மறக்காதே, அவர் முகம் தக்காளியாகச் சிவந்தால் நான் சிரித்துவிடுவேன், தப்பாக நினைக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவை. பமாகோவிலிருந்து விடிகாலைப் பேருந்தில் ஏறு, மத்தியானப் பேருந்து வழியில் படுத்துவிடும். பெரியப்பாவுக்கு நல்ல சட்டைத் துணி ஒன்று வாங்கி வா, சண்டை வேறு மரியாதை வேறு. தியேகோரோவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அந்த வெள்ளைக்கார மாப்பிள்ளையையும் என் அடிமையா சேத்துக்கிறேன், அது போதும் என்கிறார். அவர் படுத்த இடத்தில் கட்டெறும்புப் புற்று, சிரித்துக்கொண்டு கிடந்தாரே தவிர சொறியக்கூட இல்லை, முதுகெல்லாம் தடித்து இன்னும் குப்புறத்தான் படுக்கிறார்.

அல்லா உன் வழியை இனிப்பாக்கட்டும், போகிற காலும் வருகிற காலும் கல்லில் இடறாமல் இருக்கட்டும், என் பேத்தி நெடுநாள் வாழட்டும். டிக்கெட்டை மாற்றியதும் ஒரு வரி செய்தி அனுப்பு. வர முடியாவிட்டாலும் பரவாயில்லை என்று அம்மா எழுதுவாள் என எதிர்பார்க்காதே, பரவாயில்லை என்பது பொய். நீ வராமல் அந்த ஏர் இறங்கினால் நானே போய் மாட்டின் முன்னால் படுப்பேன். நான் கோனே இல்லை ஞேலே, என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, ஏரை நிறுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. அது தெரிந்துதான் படுப்பேன்.

ஓடைக்கரையை விட்டு நகராத உன் அம்மா,
ஸிதான்