கத்திரிக்காய்த் தண்ணீர்

அல்தாகிராசியா மாதா துணை

கொன்ஸ்தான்சா,
தவக்காலத்து நான்காம் ஞாயிறு

கடற்கரையில் ஹோட்டல் ஹோட்டலாகக் கட்டியும் அதில் ஒரு ராத்திரிகூடப் படுக்கக் கொடுத்துவைக்காத என் அன்புக் கணவர் எலியுத்தேரியோவுக்கு, நெரெய்தா எழுதுவது. நான் நலம். பூண்டு நன்றாகத் திரண்டிருக்கிறது. உங்கள் சேவல் மட்டும் உங்களைப் போலவே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

லாரிக்காரரிடம் தவக்காலத்துப் பீன்ஸ் பாயசம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பாத்திரம் பாதி காலியாக இருந்தால் அவர் மீசையைப் பாருங்கள். எழுத்தில் பிழை இருந்தால் சிரிக்க வேண்டாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது உங்களுக்குத் தெரியாததா?

பாயசத்தோடு ஒரு பொட்டலமும் இருக்கும். தூக்கி எறியுமுன் இதை முழுக்கப் படியுங்கள். கிளம்பும்போது அலமாரியிலேயே விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக அரைச் சாக்குக் கத்திரிக்காயைச் சுமந்துகொண்டு போனீர்களே, அந்தக் கொழுப்பு மாத்திரைதான்.

எல்லாம் நம் மகளின் ஞானத்தகப்பன் ஒவிடியோ அண்ணன் செய்த வேலை. டொமினோ ஆடும் மேசையில் உட்கார்ந்தாலே, "மாத்திரை எல்லாம் டாக்டருங்க பொழைக்கிறதுக்குடா! நம்ம சதையைத் தின்னுடும். என்னைப் பாரு, வெறும் கத்திரிக்காய ஊறவெச்ச தண்ணிதான், ரத்தத்துல கொழுப்பு பாதியா எறங்கிடுச்சு" என்று கட்டையை ஓங்கி அடிப்பார். தெருவே குடிக்கிறது. நீங்களும் குடிக்கிறீர்கள்.

நேற்று அவர் மனைவி எர்மெலிந்தா பாயசம் கிண்ட வந்தாள். அண்ணனுக்குக் கொழுப்பு இறங்கியதைப் பற்றி நான் பேச்செடுத்ததும் அவள் கரண்டியை வைத்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். "மதினி, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த மனுசன் மாத்திரைய நிறுத்தவே இல்ல. நிறுத்திட்டதா நெனச்சிக்கிட்டு இருக்காரு. நான்தான் தெனமும் பொடி பண்ணி அந்தத் தண்ணியில கலக்குறேன்" என்றாள். கசக்கிறது என்று கேட்கமாட்டாரா என்றேன். "கேப்பாரு. நல்ல சாதிக் கத்திரிக்கா கசக்கத்தான் செய்யும்னுடுவேன். அதையும் மேசையில போயி சொல்லுறாரு" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் பாயசம் அடிப்பிடித்தது. தீய்ந்த வாசனை வந்தால் காரணம் அதுதான்.

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் குடித்தது மாத்திரை. நீங்கள் குடிப்பது வெறும் கத்திரிக்காய்.

உடனே மருத்துவமனைக்குப் போனேன். பழைய டாக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார், உங்களுக்குக் கோபம், சரிதான். இப்போது இருப்பது யொகாஸ்தா என்ற பெண். மாத்திரை போட்ட நாட்களில் உங்களுக்குக் கால் வலித்ததைச் சொன்னேன். "வலிச்சா வந்து சொல்லணும்மா. அளவைக் குறைக்கலாம், வேற மாத்திரை பார்க்கலாம். ஓடி ஒளிஞ்சா நான் என்ன பண்ண?" என்றாள். அங்கே ஒரு டாக்டரிடம் போய்க் காலைக் காட்டிவிட்டு ஆரம்பிக்கச் சொன்னாள். திட்டவில்லை. உங்களை நேரில் பார்த்தால் திட்டுவாள் என்று நம்புகிறேன்.

உங்கள் அண்ணன் நிகானோர் போன மழைக்காலத்தில் பூண்டு வயலில் சற்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரும் மாத்திரையை நம்பாதவர்தான். இதை எழுதக்கூடாது என்றிருந்தேன்.

ஒவிடியோ அண்ணனிடம் மூச்சு விடாதீர்கள். ஈஸ்டர் விருந்தில் எல்லார் முன்னாலும் தானே போட்டு உடைக்கப்போவதாக எர்மெலிந்தா சொல்கிறாள். மேசை கவிழும். நீங்கள் இல்லாமல் அந்தக் கூத்தைத் தனியாகப் பார்த்துச் சிரிக்க எனக்கு இஷ்டமில்லை.

எனக்கும் பூண்டு இடிக்கிற கையுரல் இருக்கிறது, திருட்டுப்புத்தியும் நிறைய இருக்கிறது. ஆனால் என் கை கடற்கரை வரைக்கும் எட்டாதே. ஆகவே, என் ராசா, நீங்களாகவே விழுங்குங்கள். மாதா உங்கள் நெஞ்சைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கட்டிலில் உங்கள் இடத்தில் பூனை படுக்கப் பழகிவிட்டது. நான் விரட்டினால் போகமாட்டேன் என்கிறது. வந்து விரட்டுங்கள்.

உங்கள்
நெரெய்தா