சந்தி வளவுக் கடிதம்

வைரவர் துணை

சாவகச்சேரி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தியாகராசா அண்ணைக்கு,

நேற்று வாசிகசாலைக் கூட்டத்தில் இருந்தவர்கள்: பிரதேச செயலகத்திலிருந்து ஒரு அம்மா, மதுவரி அதிகாரி, கிராம சேவையாளர், மாதர் சங்கத்து உதயகலா, முத்துக்குமாரு அண்ணை, பஞ்சலிங்கம், நான். உங்கள் மச்சான் வரவில்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் விட வேண்டும் என்றார்.

எங்கள் சந்தியில் சாராயக் கடை திறக்கப் பஞ்சலிங்கம் அனுமதி கேட்டிருக்கிறார். குடியும் வெட்டுக்கொத்தும் கூடிப்போனதால், ஊரைக் கேட்காமல் இனிக் கொடுப்பதில்லையாம். சனம் கும்பிடுகிற இடத்துக்குப் பக்கத்திலும் கொடுப்பதில்லையாம். சந்தி வளவுக் காணியின் வேம்படியில் வைரவர் சூலம் இருக்கிறது, வெள்ளிக்கு வெள்ளி விளக்கு வைக்கிறோம் என்று உதயகலா சொன்னாள்.

பஞ்சலிங்கம் சிரித்தார். "வைரவருக்கு மடையிலை சாராயம் படைக்கிற ஆக்கள்தானே நீங்கள்? கடை பக்கத்திலை வந்தால் அவருக்கும் சுகம்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். என் மகன் சயந்தன் குடிவெறியில் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் முத்துக்குமாரு அண்ணையில் மோதிய பிறகு நாங்கள் வடைமாலை மட்டும்தான் சாத்துகிறோம் என்றேன். முத்துக்குமாரு அண்ணை பொல்லை ஊன்றி எழும்பி, "என்ரை கால் போனது போனதுதான். மற்றாக்களின்ரை காலைப் பாருங்கோ" என்றார். அவர் அப்படிச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் பஞ்சலிங்கம் உங்கள் கடிதத்தை எடுத்தார். சந்தி வளவைக் கடைக்கு வாடகைக்கு விடுகிறேன், சூலம் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியது, ஐயரைக் கொண்டு வேறிடத்தில் வைக்கச் சம்மதம் என்று இருந்தது. அந்த அம்மா என்னிடம் நீட்டி, "இது உங்கடை அண்ணையின்ரை கையெழுத்தோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். சுவாமி காரியத்தில் பொய் சொல்லலாமா? உதயகலா என்னைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்கள். நானும் குடித்தேன்.

உங்களோடு எனக்குக் கோபம் இல்லை. இருக்க வேண்டும் என்று இவர் சொல்கிறார். தேடிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. விடிய எழும்புகிறேன், முற்றம் கூட்டுகிறேன், தேவாரம் படிக்கிறேன். வாய் படிக்கிறது.

சயந்தன் குடியை விட்டுவிட்டான். அடுத்த மாதம் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து விடுகிறார்கள். கடைக்கதை அவனுக்கும் போய்விட்டது. போனில், "அம்மா, அது திறந்தால் நான் வீட்டை வரேல்லை. பஸ்ஸாலை இறங்கி அந்தக் கடைக் கேற்றைத் தாண்டி நடக்க என்னாலை ஏலாது. இஞ்சையே எங்கையும் வேலை பாத்து நிண்டிடுறன்" என்றான். சத்தம் போடாமல் சொன்னான். அவனுடைய அறையைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன்.

வளவுக்காரரே சம்மதத்தைத் திருப்பி எடுத்தால் வேறு விசாரணை தேவையில்லை என்று செயலக அம்மா கூட்டம் முடிந்து போகும்போது சொன்னா. கையெழுத்து வைத்த தாளே வேண்டுமாம். போனில் கதைத்தால் நீங்கள் அங்கத்தைய குளிரைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வளவு உங்களுடையது, அண்ணை. பிள்ளை என்னுடையது. வைரவர் உங்கள் பிள்ளைகளையும் வீட்டுக்கு வழிகாட்டிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஓம் என்றாலும் இல்லை என்றாலும் கெதியாய்ப் பதில் போடுங்கோ.

தங்கை,
மீனாம்பிகை