சிராக்கூசாவில் எரித்த கப்பல்கள்

1996 ஜனவரி 16
இன்றும் கப்பல் கதைதான். லிபெர்த்தா வீதியில் நான் வீட்டு வேலையாளாகப் பராமரிக்கும் கிழவர் ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியர். அரபுகள் ஆபிரிக்காவிலிருந்து ஆயிரம் வருடத்துக்கு முன் கடல் கடந்து வந்து இந்தச் சிசிலித் தீவைப் பிடித்ததைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். குளிப்பாட்டும்போதும் விடமாட்டார். நூறு கப்பலாம், எழுநூறு குதிரையாம். குதிரைகள் வாந்தி எடுத்திருக்காதா என்றேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாதாம்.

ஜனவரி 23
விசா இல்லாதவர்களுக்கும் அனுமதி தரும் புதுச் சட்டத்தின்படி என்னை வேலைக்குப் பதியச் சம்மதித்துவிட்டார். மார்ச் முடிவதற்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பாஸ்போட்டைக் கொண்டுவா என்றார். அறையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அறையில் எங்கே இருக்கிறது?

ஜனவரி 24
கால்சாப் பகுதி அறையில் என்னோடு தங்கியிருக்கும் பேரின்பநாயகம் அண்ணையிடம் உண்மையைச் சொன்னேன்.
"கிழிச்சா திருப்பி அனுப்பேலாது எண்டு ஏஜென்சிக்காரன் பிளேனுக்குள்ள கிழிக்கச் சொன்னவன், கிழிச்சன்."
"அசல் விசா குத்தின பாஸ்போட்டையோ?"
"ஓம். எல்லாரும் கிழிச்சவை."
அவர் தலையில் கைவைத்தார். என் மனைவி அம்பிகையும் பிள்ளை அபிதாவும் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி, கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடக்கிறார்கள். எனக்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். நான் ஒரு மடையன்.

பெப்ரவரி 2
இரண்டு கோப்பை உடைத்தேன். பாஸ்போட் எங்கே என்று கிழவர் மறுபடி கேட்டார். நாளை என்றேன்.

பெப்ரவரி 6
அரபுகள் சிராக்கூசா நகரை வளைத்தும் பிடிக்க முடியாமல், ஊர் திரும்பக் கப்பலேறினார்களாம். துறைமுக வாயிலை எதிரியின் கப்பல்கள் மறித்துவிட்டன. தங்கள் கப்பல்களைத் தாங்களே கொளுத்திவிட்டு மலைப்பக்கம் நடந்தார்களாம். என்ன துணிச்சல் என்று கிழவர் எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினார்.

சினம் வந்துவிட்டது. துணிச்சல் இல்லை, பயம் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். சொல்லிவிட்டேன் — கிழித்ததை, பொய் சொன்னதை, எல்லாவற்றையும்.

அவர் சூப்பைத் தொடவில்லை. என் வேலை போனதுதான்.

பெப்ரவரி 7
காலையில் கதவைத் திறந்தால், கிழவர் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருடமாக வாசல் தாண்டாத மனிதர். என் தோளைப் பிடித்தபடி குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோருக்கு வந்தார். பாஸ்போட் இல்லை என்று பதிந்து கடிதம் தந்தார்கள். இனி ரோமில் எங்கள் தூதரகத்தில்தான் புதுப் பாஸ்போட் கேட்க வேண்டும்.

மார்ச் 19
ரோமிலிருந்து ஒன்றுமில்லை. தபால்காரன் என்னைக் கண்டாலே கையை விரிக்கிறான்.

மார்ச் 28
புதுப் பாஸ்போட் வந்தது. விண்ணப்பத்தை இன்றே கொடுத்தாயிற்று.

ஜூலை 9
பெர்மெஸ்ஸோ கிடைத்தது. கிழவர் திருத்திய அத்தியாயத்தை வாசித்தார். துணிச்சல் என்ற சொல்லை எடுத்திருந்தார். கப்பலை எரித்தவர்களுடைய மனைவி பிள்ளைகள் பிறகு வந்து சேர்ந்தார்களா என்று கேட்டேன். ஏடுகளில் கப்பல் கணக்கு மட்டும்தான் இருக்கிறதாம்.

அம்பிகைக்கு எழுதினேன்: "அபிதாவுக்கும் உனக்கும் பாஸ்போட் எடு. வழியில ஆர் என்ன சொன்னாலும் ஒண்டையும் கிழிக்காதை. நான் ஏர்போட் வாசலில நிப்பன்."