குசினி வாசலுக்கு நேரே ஒரு கம்பு

ஏறாவூர்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பு மருமகள் ஸுஹைனாவுக்கு உன் தாய்மாமன் கச்சி முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். பேராதனைக் குளிர் உன்னை எப்படி வைத்திருக்கிறது?

என் போனை வாவியில் முதலை கொண்டுபோய்விட்டது. சிரிக்காதே, பன்னிரண்டு அடி முதலை. சரி, குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து விழுந்ததுதான். ஆனால் முதலை பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின நாளே உன் செய்தியைப் படித்துவிட்டேன். சிக்கலெண் கணக்குப் பாடத்தில் இரண்டாம் முறையும் தவறிவிட்டாய், படிப்பை விட்டுவிட்டு பஸ் ஏறப்போகிறாய், றபீக்கா மாமியும் மௌத்தான பிறகு மாமா தனியே என்ன செய்வார் என்று எழுதியிருந்தாய். அதற்குத்தான் மகள் இந்தக் கடிதம்.

தனியேயா? வீட்டில் எனக்கே நிற்க இடமில்லை. நீ விட்டுப்போன கணக்குக் கொப்பியைப் பார்த்து, வாவியில் ஐந்து கம்பு நட்டு வலை சுற்றி நண்டுக்கூடு கட்டியதிலிருந்து ஊரே வந்து பார்க்கிறது. கொழும்பிலிருந்து வந்த ஓர் எஞ்சினியர், இந்த அளவை எந்த நாட்டில் படித்தீர்கள் என்று கேட்டார். ஏழாம் வகுப்பு என்று நான் சொல்லவில்லை.

கொப்பியில் நீ போட்ட படம் உனக்கு நினைவிருக்கும். ஓர் எண்ணை ஐந்து தரம் எழுதிப் பெருக்கினால் ஒன்று வரவேண்டும். அதற்கு ஐந்து மூலங்கள். ஐந்தும் ஆரை ஒன்றான வட்டத்தில் சம இடைவெளியில். ஒன்று என்றால் அடியா முழமா என்று நான் கேட்டதற்கு, ‘நீங்க எடுக்கிறதுதான் மாமா ஒண்டு’ என்றாய். நான் பத்தடிக் கயிற்றை எடுத்தேன். கம்புக்குக் கம்பு பதினொரு அடி ஒன்பது அங்குலம் என்று நீயே ஓரத்தில் எழுதியிருந்தாய். ஐந்தில் நாலு கற்பனையாம். கற்பனையில் என்னை வெல்ல ஏறாவூரில் ஆளில்லை.

முதல் கம்பை மாமி சமைத்த குசினியின் வாசலுக்கு நேரே நட்டேன். பழைய கூடு கட்டியபோது கயிற்றின் நடுமுனையைப் பிடித்து நின்றது மாமிதான், இடுப்பளவு தண்ணீரில். ‘என்ன மனுசன் நீங்க, வட்டம் கத்தரிக்கா மாதிரிப் போகுது’ என்று கரை முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டாள். இம்முறை நடுவில் ஒரு கம்பை ஊன்றிக் கயிற்றைக் கட்டினேன். அது சேற்றில் சாய்ந்து சாய்ந்து வந்தது. ஐந்தாவது கம்பிலிருந்து முதலாவதுக்கு அளந்தால் இரண்டடி குறைவு. பிடுங்கிவிட்டு மறுபடி நட்டேன். மூன்று நாள். அடுத்த வீட்டு முனாஸைக் கூப்பிட்டிருக்கலாம்; அவன் கட்டாருக்குப் போய் ஒரு வருடம்.

இப்போது வட்டம் சரி. வாசலில் இருந்து பார்த்தால் அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு, கண்ணாடியில் பார்த்ததுபோல் சோடி சோடியாக. நேரே நிற்பதற்கு மட்டும் சோடியில்லை. விடிந்ததும் தேத்தண்ணியோடு அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கொப்பியில் தேடினேன். கீழே கோடு போட்டு எழுதியிருக்கிறாய்: இதுவும் மூலம்தான், இதை விட்டால் ஐந்து நிறையாது. இவ்வளவு விளங்கியவள் எப்படித் தவறினாய்?

ஆகவே இப்போது வராதே. மூன்றாம் முறையும் எழுது. பாஸ் பண்ணிவிட்டு வந்து கயிற்றின் நடுவைப் பிடி. நான் வேண்டுமென்றே கோணலாக இழுக்கிறேன், நீ சத்தம் போடு. அதுவரை நடுக்கம்பு சாயாமல் பார்த்துக்கொள்வேன்.

அல்லாஹ் உன் பேனாவை நேராக நடத்தி வைப்பானாக. பதில் எழுது மகள், ஒரு வரி என்றாலும்.

உன் மாமா,
கச்சி முகம்மது