அரை மாத்திரைச் சாது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, உன் தங்கை, நான் எல்லாரும் சுகம். உன் நாய் மந்திரியும் சுகம், அவனிடம் கடிபட்டவர்களும் இப்போது சுகம். அங்கே உன் உடம்பும் வேலையும் ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் நீ கத்திவிட்டு வைத்துவிட்டாய், எனக்குக் கத்த வராது, அதனால் எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். நாயை வாங்கிக்கொள்ள நீ அனுப்பிய குடும்பம் நம் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, இவன் தண்ணீர் கேன் போடுகிறவரைத் தொடையில் கடித்தான் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் கட்டைவிரலில் நாலு தையல் என்று சொல்லவில்லை, அவரும் அந்தக் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கையின் சிநேகிதிக்கு முழங்கையில் பல் பதிந்ததைச் சொல்லவில்லை. அவர்களுடைய நாலு வயதுப் பெண் அவன் காதை வருடி வருடிச் சிரித்தபோது, அவன் அப்படிச் சாதுவாகப் படுத்திருப்பது குணத்தால் இல்லை, காலையில் சோற்றில் பிசைந்து நான் வைத்த அரை மாத்திரையால் என்று சொல்லவில்லை.

கடித்ததை மட்டும் வாய் திறக்காதேம்மா என்று சொன்னது நீ. ஆனால் மாத்திரை என் சொந்த யோசனை, அதை உன் கணக்கில் எழுத மாட்டேன். பதினைந்து வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது என்று உறையில் எழுதாமல் அந்த மாத்திரை அட்டையை ஒருவருக்கும் நான் கொடுத்ததில்லை. நாய்க்கு மட்டும் உறை இல்லாமல் கொடுத்தேன். அன்று மதியம் கடையில் என் முறை. இரண்டரை மணிக்கு ஒரு பெண் பஸ் பயணத்துக்கு என்று அதே மாத்திரையைக் கேட்டாள். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டாள். ஆறு மணி நேரம் என்று சொல்லிக்கொண்டே உறையில் எழுதினேன், எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. மந்திரிக்கு நான் வைத்தது ஒன்பது மணிக்கு. அவனைக் கூட்டிப்போன குடும்பத்துக்குப் போன் அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தடுப்பூசி அட்டையை வாங்கிக்கொண்டபோது அந்த நாலு வயதுப் பெண்ணின் அம்மா விலாசம் எழுதிக் கொடுத்திருந்தாள். கடையை என்னோடு வேலை பார்க்கிறவரிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

நான் போனபோது கதவு திறந்து கிடந்தது. பெண் சாப்பாட்டு மேஜைமேல் பிஸ்கட் டப்பாவைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேஜைக்கு அடியில் மந்திரி, உதடு ஏறிப் பல் தெரிய. அவளுடைய அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்கே பிடித்தபடி, அசையாதே பாப்பா அசையாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் வந்துவிட்டான், பாசம் என்று நினைக்காதே, சோறு போடுகிற குரல் அவனுக்குத் தெரியும். சங்கிலியை மாட்டிக்கொண்டு, அந்த வாசற்படியிலேயே நின்று, காலையில் சொல்லாததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன், மாத்திரை உட்பட. எங்க தலையில கட்டப் பாத்தீங்களா, படிச்சவங்கதானே நீங்க, உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா விடுவீங்களா என்று அவர் கேட்டார். கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் மட்டும் மேஜையிலிருந்து இறங்காமலே, அம்மா இது காலையில வந்த நாய் இல்ல, வேற நாய் என்றாள். அவள் சொன்னதுதான் சரி. பஸ்ஸில் ஏற்ற மறுத்துவிட்டார்கள், ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் நடந்தே வந்தோம்.

அந்த மனிதர் உன் மேலதிகாரியின் அண்ணன், உன் மானத்தை நான் கப்பலேற்றிவிட்டேன் என்கிறாய். ஏறிப் போகட்டும். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன், உன்னிடம் கேட்க மாட்டேன். ஒரு படத்தைப் பார்த்து மூன்றே நாளில் குட்டியை வாங்கி வந்தாய், இரண்டு மாதம் அதோடு போட்டோ எடுத்தாய், பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். நாங்கள் என்ன செய்தோம், மாடியில் கட்டிப்போட்டோம். யாராவது வந்தால் எல்லார் வீட்டிலும் அடுப்பு பற்றும், நம் வீட்டில் குழாய் திறக்கும், அவனைக் குளியலறையில் அடைத்து உறுமல் வெளியே கேட்காமல் இருக்க. வாசல் மணி அடித்தால் இருட்டறை என்று ஒரு வருஷம் நாமே பாடம் நடத்திவிட்டு, மனிதரைக் கண்டால் பாய்கிறான் என்று குறை சொல்கிறோம். நூலகத்தில் நாய் வளர்ப்புக்கு இருந்த மூன்று புத்தகங்களையும் இப்போதுதான் படித்தேன், குட்டி வரும் முன்னால் படித்திருக்க வேண்டியவை. ஊருக்கு வெளியே கொண்டுபோய் அவிழ்த்துவிடு என்று உன் அத்தை யோசனை சொன்னாள். விடலாம், பல்லைக் கழற்றி வைத்துக்கொண்டா என்று கேட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

இப்போது வாசல் மணியைப் பிடுங்கிவிட்டோம். அவனுக்கு வாய்க்கூடு வாங்கியாயிற்று, அதை மாட்டிவிட்டு விடிகாலையில் நானும் சாயங்காலம் அப்பாவும் நடத்திக் கூட்டிப் போகிறோம். இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று முனகிக்கொண்டேதான் போகிறார், ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் நிற்பதும் அவர்தான். கால்நடை மருத்துவர் மாத்திரைக் கதையைக் கேட்டு என்னை நன்றாகத் திட்டினார். பிறகு, ஆறு மாதம் பொறுமையாகப் பழக்குங்கள், சிலது திருந்தும், சிலது திருந்தாது, திருந்தாவிட்டால் கடைசி ஊசியைப் பற்றி அப்போது பேசலாம் என்றார். அப்படி ஒரு நாள் வந்தால் அவன் தலையை மடியில் வைத்துக்கொள்ளப் போவது நான்தான். அதற்கு எனக்குத் தெம்பு இருக்கிறது. இன்னொரு வீட்டுக் குழந்தையின் முகத்தைப் பணயம் வைக்கத்தான் இல்லை. அடுத்ததாக ஒரு தோட்டத்துக் காவல்காரரை அனுப்புகிறேன், தூரத்து ஆள், எதையும் கேட்க மாட்டார் என்கிறாய். தாராளமாக அனுப்பு. அவர் கேட்காவிட்டாலும் நான் சொல்வேன். வாசல் கதவில் ஒரு அட்டை தொங்கவிட்டிருக்கிறேன், மருந்து உறையில் எழுதுகிற அதே எழுத்தில்: இந்த நாய் கடிக்கும். மூன்று பேரைக் கடித்திருக்கிறது. வளர்த்த விதம் எங்களுடையது.

உனக்கும் எனக்கும் பதினெட்டு வயதுதான் வித்தியாசம். பிள்ளை வளர்க்கத் தெரியாமல்தான் உன்னை வளர்த்தேன், ஆனால் தெரியாது என்பதற்காக யார் கையிலும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. உன் விடுப்பில் பத்து நாள் இவனுக்கு வேண்டும், வந்து சங்கிலியைப் பிடி. உன்னிடம் இருக்கும் முதல் ஊசிச் சீட்டை மறக்காமல் அனுப்பு, மருத்துவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். வேளைக்குச் சாப்பிடு. உன் கைக்கு வந்தது எதுவானாலும் கடைசிவரை தாங்குகிற பலம் உனக்கு வரட்டும்.

உன்மேல் கோபமும் அதைவிடக் கூடுதலாக ஆசையும் உள்ள,
அம்மா

பின்குறிப்பு: இதை உறையில் போடும் முன் காவல்காரர் வந்தார். அட்டையை இரண்டு முறை படித்தார். நிஜமாம்மா என்று கேட்டார். நிஜம் என்றேன். நாயைப் பார்க்காமலே திரும்பிப் போய்விட்டார்.