சரோஜாவின் டெம்ப்ளேட்

17 நவம்பர் 1999, புதன்

என் நிரலை இன்று என்னைக் கேட்காமலே தூக்கிப் போட்டுவிட்டார்கள். கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்குக் கடிதம் அச்சிட, புத்தகம் பார்த்து நானே ஜாவா கற்று எழுதியது. கடிதத்தின் ஒவ்வொரு வரியும் நிரலுக்குள் இருந்தது. ஒரு சொல்லை மாற்றவும் என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

ஆபீசுக்குப் புதிதாக வந்த சரோஜா டெம்ப்ளேட் என்ஜின் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறாள். கடிதம் தனிக் கோப்பில் இருக்கிறது. பெயருக்கு விட்ட இடத்தை ஜாவா நிரப்பிக்கொள்கிறது. மேனேஜரே முதல் வரியைத் திருத்திப் பார்த்தார்.

"இனிமே உங்களுக்கு ரெஸ்ட்லா, அங்கிள்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கடிதத்த மாத்தி சேவ் பண்ணா போதும் அங்கிள், நிரலத் தொட்டு மறுபடி கம்பைல் பண்ணவே வேணாம்லா," என்றாள் அவள்.

நான்கு மாத உழைப்பை அவள் ஒரு காலையில் முடித்துவிட்டாள்.

மாதிரிக் கடிதங்களைப் புரட்டினேன். எல்லாப் பெயருக்கும் பின்னால், மலாயில் மகன் என்று குறிக்கும் ஏ/எல். ரெம்பியா ஊர் உறுப்பினர் முனியம்மாவும் மகனாகிவிட்டார். என் நிரல் பெண்களுக்குச் சரியாக, மகள் என்று குறிக்கும் ஏ/பி போடும். யாரிடமும் காட்டாமல் கடிதங்களைத் திரும்ப அடுக்கி வைத்தேன். அப்படியே போகட்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் முனியம்மா எனக்கு என்ன கெடுதல் செய்தார்?

நாளை கடிதங்கள் தபாலில் போகுமுன் நான் சொல்லிவிட வேண்டும். சரோஜா கோப்பைத் திருத்த வேண்டும். பிழையைக் கண்டது யார் என்பதை மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அந்த என்ஜினை எப்படித் தொடங்குவது என்று சரோஜா எனக்குக் காட்ட வேண்டும். நானாகக் கேட்க மாட்டேன்.